தண்ணீர் பட்ட பாடு!

'காசைத் தண்ணியா செலவழிக்கிறான்' என்று பெரியவர்கள் திட்டுவார்கள். இப்போது கதை தலைகீழ். தண்ணியைத் திறந்துவிட்டால் காசு கொட்டுகிறது... நம் பாக்கெட்டிலிருந்து!

"எங்க வீட்ல தண்ணி பில்லே வராதே ஸார்" என்கிறீர்களா? வரும். உங்களுக்கு அடையாளம் தெரியாது, அவ்வளவுதான். நம் பக்கத்து நகராட்சிகளில் பெரும்பாலும் வீட்டுக் குழாய்க்கு மீட்டர் கிடையாது. மாசத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். நீங்கள் குடத்தில் பிடித்தாலும் சரி, அண்டாவில் பிடித்தாலும் சரி, தொகை மாறாது. ஆனால் அந்தக் குழாய்த் தண்ணீரை மட்டும் நம்பி இன்று யார் வீட்டில் குளியல் நடக்கிறது? போர்வெல், மோட்டார், மாடியில் டேங்க்... இதுதானே நடப்பு! ஆக, உங்கள் தண்ணீர் பில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை மாறுவேடத்தில் வருகிறது. வேடத்தின் பெயர், கரண்ட் பில்.

அந்த வேடதாரியை நான் நேருக்கு நேர் சந்தித்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். நானும் என் ரூம்மேட்டும் குடியிருக்கிற வீட்டில் மூணு போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர் அண்ணாச்சி குடும்பம். மாடியில் ஒரு பக்கம் புதுசாய்க் கல்யாணமான ஜோடி, மறுபக்கம் நாங்கள். மூணு பேருக்கும் ஒரே போர்வெல், ஒரே ஆயிரம் லிட்டர் டேங்க். மோட்டார் ஓடுவது அண்ணாச்சி மீட்டரில்.

அண்ணாச்சி மீட்டர் வழக்கமாய் 480 யூனிட் பக்கம் நிற்கும். 1,679 ரூபாய் கட்டுவார். இந்த முறை 515 யூனிட். பில் 2,166 ரூபாய்! வீட்டில் புதுசாய் ஏ.சி. இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. மிச்சம் இருப்பது மோட்டார்தான். மோட்டார் அதிகம் ஓடினால் யாரோ தண்ணீரை அதிகம் செலவழிக்கிறார்கள். யார்?

பேச்சிலர் என்றாலே முதல் குற்றவாளி நாம்தானே!

"என்ன தம்பி, ஆபீஸ் போற ரெண்டு பேரும் அப்படி என்னத்தக் குளிக்கிறீக? ஆனைகூட இம்புட்டுத் தண்ணி செலவழிக்காதே!" என்றார் அண்ணாச்சி.

அடுத்து, பக்கத்து போர்ஷன் புதுப்பெண் தினமும் துணி துவைப்பது விசாரணைக்கு வந்தது. அதற்கும் அடுத்து, வாசல் தெளிக்கிற அண்ணாச்சி சம்சாரமே கூண்டில் ஏறினார். ஒரே வாரத்தில் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. புது ஜோடி வேறு வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கும், "தம்பிகளுக்கு இந்த வீடு தோதுப்படாது போலிருக்கே" என்று ஜாடையாக நோட்டீஸ் வந்தது. 487 ரூபாய்க்கு மூணு குடும்பம் முட்டிக்கொண்டது என்றால் நம்புவீர்களா?

ஒரு யூனிட் 243 ரூபாய்!

வெறும் 35 யூனிட்டுக்கு எப்படி 487 ரூபாய்? இங்கேதான் ஈ.பி. கணக்கில் ஒரு வழுக்குப்பாறை இருக்கிறது. 2024 ஜூலை கட்டணப்படி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 35 காசு. அதற்கடுத்த 200-க்கு 4 ரூபாய் 70 காசு. கடைசி 100-க்கு 6 ரூபாய் 30 காசு. கூட்டிப் பாருங்கள், 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய்.

501 ஆகட்டும். இலவச 100 தப்பிக்கும். ஆனால் 2 ரூபாய் 35 காசு சலுகை போய், அந்த யூனிட்டுகளுக்கும் 4 ரூபாய் 70 காசு ஆகிவிடும். 500-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு. அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! நம் ஊர் பால்கோவாவைக் கிலோ கணக்கில் வாங்கிவிட்டு வயிறு வலிக்கிற மாதிரி, எல்லையைத் தாண்டினால் முதலில் தின்றதும் சேர்ந்து வலிக்கும்.

டெல்லியிலும் இப்படி ஒரு வழுக்குப்பாறை உண்டு. 2015-ல் அங்கே மாசம் 20,000 லிட்டர் வரை வீட்டுத் தண்ணீர் இலவசம் என்றார்கள். 20,000-ஐத் தாண்டினால்? தாண்டியதற்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் காசு. இந்த மாதிரி இடங்களில் நம்மை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவது பெரும்பாலும் பெரிய செலவாக இருக்காது. எங்கோ சத்தமில்லாமல் ஒழுகுகிற ஒரு சின்ன ஒழுக்குதான்.

பென்சில் வைத்தியம்

மடவார் வளாகத்தில் கோயில் கொண்டிருப்பவர் வைத்தியநாத சுவாமி. திருமலை நாயக்கர் மகாராஜாவின் நோயையே தீர்த்து வைத்தவர் என்பார்கள். ஆனால் டேங்க் ஒழுகினால் வைத்தியம் நாம்தான் பார்க்க வேண்டும். ஃபீஸ் கிடையாது. ஒரு பென்சில் போதும்.

நாங்கள் செய்தது இதுதான். ராத்திரி பத்து மணிக்கு டேங்க்கை நிரப்பி மோட்டாரை நிறுத்தினோம். ராத்திரித் தேவைக்கு ஆளுக்கு ரெண்டு வாளி பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு குழாயையும் திறப்பதில்லை என்று மூணு போர்ஷனிலும் ஒப்பந்தம். (சமாதானப் பேச்சுவார்த்தையைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது!) டேங்க்குக்குள் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு. காலையில் அஞ்சு மணிக்குப் பார்த்தால், கோட்டுக்கு மூன்றரை அங்குலம் கீழே தண்ணீர்!

ஆயிரம் லிட்டர் டேங்க்கில் மூன்றரை அங்குலம் என்பது சுமார் 84 லிட்டர். ஏழு மணி நேரத்தில் 84 என்றால் மணிக்கு 12. ஒரு நாளைக்கு 288 லிட்டர். நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது மத்திய அரசின் அளவுகோல். ஆக, எங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல், கண்ணுக்கும் தெரியாமல் ரெண்டு பேர் குடியிருந்திருக்கிறார்கள்!

ரெண்டு மாசத்துக்கு இது 17,280 லிட்டர். எங்கள் ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் டேங்க்கை நிரப்ப ஒரு மணி இருபது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் வீணாய்ப் போன தண்ணீருக்காக மட்டும் 23 மணி நேரம் ஓடியிருக்கிறது. மணிக்கு ஒன்றரை யூனிட் வைத்தால் சுமார் 35 யூனிட். அண்ணாச்சி பில்லில் ஏறியதும் அதே 35. ஆனை குளிக்கவில்லை என்பது நிரூபணம்!

நீலம் சொன்ன உண்மை

சரி, எங்கே ஒழுகுகிறது? குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும். சுவரில் கசிந்தால் ஓதம் தெரியும். சத்தமும் போடாமல் சுவடும் காட்டாமல் தண்ணீர் தின்கிற திருடன் ஒருவன் உண்டு. ஃப்ளஷ் டேங்க்! உள்ளே இருக்கிற ரப்பர் தேய்ந்துவிட்டால், தண்ணீர் பீங்கானோடு ஒட்டிக்கொண்டே வழிந்து போய்விடும். மிதவை உடனே இறங்கிப் புதுத் தண்ணீரை உள்ளே விடும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் கலர் போட்டு, பத்து நிமிஷம் ஃப்ளஷ் பண்ணாமல் பார்க்கச் சொல்கிறது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கலர் கீழே இறங்கியிருந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். அங்கே சராசரி வீட்டில் வருஷத்துக்குச் சுமார் 38,000 லிட்டர் இப்படி ஒழுக்குகளில் போகிறதாம். பணக்கார ஊர் என்பதால் ரப்பர் தேயாமல் இருக்குமா என்ன!

கலருக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம். துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் போதும். மூணு போர்ஷனிலும் பரிசோதித்தோம். எங்கள் பாத்ரூம் நிரபராதி. புது ஜோடி நிரபராதி. நீலம் இறங்கியது கீழ் வீட்டில். மூட்டு வலியால் உட்கார்ந்து எழ முடியாத அண்ணாச்சியின் அம்மாவுக்காக வைத்த வெஸ்டர்ன் டாய்லெட்டில்!

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. பிளம்பர் வந்தார். ஒரு ரப்பரை மாற்றினார், போனார். பாட்டியை யார் குறை சொல்ல முடியும்? அவர் குளிக்கிறதே ஒரு வாளித் தண்ணீரில். அன்று சாயங்காலம் மாடிக்குப் பால்கோவா வந்தது. புது ஜோடி வீடு தேடுவதை நிறுத்திவிட்டது.

உங்கள் வீட்டுக்கு

கோவை, பெங்களூரு என்று மீட்டர் வைத்துத் தண்ணீர் வருகிற இடத்தில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் மீட்டருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒழுகுகிறது. விட்டுவிட்டு சப்ளை வருகிற இடமென்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் திறந்துவிட்டதும் முதலில் பைப்பில் உள்ள காற்று தள்ளிக்கொண்டு வரும். அந்தக் காற்றுக்கும் சில மீட்டர்கள் சுற்றும்! வீட்டில் ஒழுக்கு இல்லை, மீட்டர் மட்டும் ஓடுகிறது என்றால் ரீடிங்கைத் தேதியோடு போட்டோ எடுங்கள். மீட்டரைப் பரிசோதிக்கக் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கவுன்ட்டரில் சத்தம் போடுவது காற்றோடு போய்விடும். காகிதம் நிற்கும்.

வாடகை வீட்டுப் பேச்சிலர்களுக்குத் தனியாக ஒன்று. மோட்டார் பொதுவாக இருந்தால், அதற்கு மட்டும் ஒரு சின்ன சப் மீட்டர் வைக்கச் சொல்லி ஓனரிடம் பதமாகக் கேளுங்கள். அது மாட்டும் வரை மாசம் ஒருமுறை பென்சில் கோடு. ஈ.பி. மீட்டரையும் வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பில் வரும் வரை காத்திருந்தால் அறுபது நாள் ஒழுகி முடித்திருக்கும்.

பில் எகிறியதும் ஆளைத் தேடாதீர்கள். முதலில் ரப்பரைத் தேடுங்கள். ரப்பரை மாற்றப் பத்து நிமிஷம் போதும். பக்கத்து வீட்டுக்காரரை மாற்றவே முடியாது ஸார்!