சிற்றில் இழைக்கும் சிறு கைகள்

விளையாட்டென்பது கல்விக்குப் புறம்பானது, படித்து எஞ்சிய பொழுதைப் போக்குவதற்கு மட்டுமே உரியது என்பது நம்மவரிற் பலர் கொண்டுள்ள எண்ணம். மூன்று வயதுப் பிள்ளையை முன்பள்ளியிற் சேர்த்த மறுவாரமே, "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்று வினவும் பெற்றாரை எங்குங் காண்கின்றோம். "மண்ணில் விளையாடினேன்" என்று பிள்ளை விடை கூறின் அவர் முகம் வாடுகின்றது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் முன்பள்ளியின் வாயில்வரை நீண்டுவிட்டது. ஆசிரியையும் பெற்றாரின் மனநிறைவுக்காக மணற் பெட்டியை மூடிவிட்டு அப்பியாசக் கொப்பியைத் திறக்கின்றார். தாயும் தந்தையும் தொழிலுக்குச் செல்லும் இக்காலத்தில், பகல் முழுவதையும் பராமரிப்பு நிலையங்களிற் கழிக்கும் குழந்தைகள் பலர். அவர்கள் அங்கே பெறுவது யாது, இழப்பது யாது என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

முன்னோர் கண்ட முறை

குழந்தையின் வளர்ச்சியை விளையாட்டைக் கொண்டே அளந்தவர் நம் புலவர். பிள்ளைத்தமிழ் நூல்களின் பத்துப் பருவங்களை நோக்குக. சப்பாணிப் பருவத்திலே குழந்தை கைகொட்டி மகிழ்கின்றது. வளர்ந்த பின்னர் ஆண்பாற் பிள்ளைத்தமிழிற் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும், பெண்பாற் பிள்ளைத்தமிழிற் கழங்கும் அம்மானையும் ஊசலும் பேசப்படுகின்றன. மணலை அளைதல், ஓசை எழுப்புதல், உருட்டி இழுத்தல், எறிந்து பிடித்தல், அசைந்தாடுதல் என்னும் இவையாவும் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் உரிய பயிற்சிகள் அல்லவா?

மேலைநாட்டுக் கல்வியாளரும் வேறு வழியாக இவ்விடத்திற்கே வந்து சேர்ந்தனர். ஜெர்மனியிலே பிரடெரிக் புரோபல் என்பார் 1837ஆம் ஆண்டிலே சிறுவர்க்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் 'குழந்தைகள் தோட்டம்' எனப் பெயரிட்டார். அவர் குழந்தைக்கு அளித்த முதற் பரிசு ஏடன்று. வண்ண நூலாற் பின்னிய ஆறு பந்துகள். 1907இல் உரோமாபுரியின் வறியோர் வாழ்ந்த பகுதியிலே 'குழந்தைகள் இல்லம்' திறந்த மரியா மொன்ரிசோரி அம்மையார், எழுதுமுன் எழுத்துக்களை விரலால் தடவி அறியும்படி உப்புத்தாளில் வெட்டி ஒட்டிக் கொடுத்தார். அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர். 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். இன்றும் முன்பள்ளி எதனையும் 'மொன்ரிசோரி' என்றே அழைப்பார் நம்மிடையே பலர். பெயர் நிலைத்துவிட்டது, முறையோ பலவிடங்களில் நிலைக்கவில்லை.

புலன்களுக்கு விருந்து

இவ்விளையாட்டுக்களுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு துணிப்பையிலே கரண்டி, சிரட்டை, தேசிக்காய், சீப்பு என்பவற்றை இட்டு, கண்ணாற் காணாது கையால் தடவி இன்னதெனச் சொல்லச் செய்யலாம். ஒரே அளவான தகரப்பேணிகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒரு சோடியில் அரிசியும், மற்றொன்றில் மணலும், பிறிதொன்றிற் கூழாங்கற்களும் இட்டு இறுக மூடி, ஒத்த ஓசையுடையவற்றைச் சேர்க்கச் சொல்லலாம். கறிவேப்பிலை, ஏலம், கொத்தமல்லி என்பவற்றை மணத்தால் இனங்காணச் செய்யலாம். இரு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு உப்புச் சேர்த்து, அளவாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சிறிது மஞ்சள் கலந்தால் உருவங்கள் செய்வதற்கேற்ற மா ஆயத்தமாகும்.

மாவைப் பிசையும் விரல்களே பின்னர் பென்சிலைப் பிடிக்க வேண்டிய விரல்கள். மணிக்கட்டின் எலும்புகள் இன்னும் முற்றாத மூன்று வயதிலே கொப்பியின் சிறு கட்டங்களுள் எழுத்தை அடக்கச் சொல்வது, நடைபழகாத குழந்தையை ஓடச் சொல்வதை ஒக்கும். சிறு சிரட்டையால் நான்கு முறை வார்த்த தண்ணீர் பெரிய சிரட்டையை நிரப்புவதைத் தன் கையாற் கண்ட பிள்ளைக்கு, அளவு என்பது வெறுஞ் சொல்லாக இராது.

பாவனையும் எழுத்தும்

இனிப் பாவனை விளையாட்டை நோக்குவோம். பூவரசம் இலை பணமாகிறது, மணல் அரிசியாகிறது, வரிசையாக இட்ட கதிரைகள் பஸ் வண்டியாகின்றன. ரஷ்ய உளவியலறிஞர் வைகோட்ஸ்கி 1933இல் லெனின்கிராட்டில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றிலே, தடியைக் குதிரையாக்கி ஏறும் குழந்தையை எடுத்துக்காட்டினார். அத்தடி தடியாகவே இருக்க, குழந்தையின் மனத்திலே பொருள் வேறாகிறது. ஒன்றை மற்றொன்றின் குறியாகக் கொள்ளும் இத்திறனே எழுத்தறிவுக்கும் அடிப்படை. 'அ' என்னும் வளைகோடு ஓர் ஒலிக்காக நிற்பதும் ஒருவகைப் பாவனையே அன்றோ? ஆகவே, விளையாட்டை நீக்கி எழுத்தைப் புகுத்துவோர் வேரை வெட்டிவிட்டுக் கனியை எதிர்பார்ப்பவராவர்.

யார் சாரதி, யார் பிரயாணி என்னும் பூசலும் பயனற்றதன்று. தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும், பிறர் சொல்லைக் கேட்கவும், நோயாளியாகக் கிடக்கும் தோழனுக்கு இரங்கவும் பிள்ளை அங்கேதான் பழகுகின்றது. ஆசிரியை வேண்டிய பொருள்களை வைத்துவிட்டு அருகிருந்து நோக்குவாராக. அழைத்தாற் கடைக்கு ஒரு வாடிக்கையாளராகச் செல்லலாம். கடையைத் தாமே நடத்தத் தொடங்குதல் ஆகாது.

சில எச்சரிக்கைகளும் உள. மூன்று வயதுக்குட்பட்டோர் கையிற் புளியங்கொட்டை, மஞ்சாடி போன்ற சிறு விதைகளைக் கொடுத்தல் கூடாது. அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குன்றிமணி நஞ்சுடையது, எவ்வயதுப் பிள்ளைக்கும் ஆகாது. உப்பிட்ட மாவை உண்ண விடலாகாது. தண்ணீர் விளையாட்டின்போது, வாளித் தண்ணீரேயாயினும், பெரியவர் ஒருவர் கண்ணிமையாது காத்து நிற்றல் வேண்டும்.

முன்பள்ளியைத் தெரிவு செய்யச் செல்லும் பெற்றார், கொப்பியிலே எத்தனை பக்கம் நிரம்பியுள்ளது என்று பாராது, மணற் பெட்டி திறந்திருக்கின்றதா என்று பார்ப்பாராக. மாணவ மாணவியரும் விடுமுறை நாளிலே தம் இளையோர்க்கு ஒரு பனங்காய் வண்டிலோ ஓலைக் காற்றாடியோ செய்து கொடுக்கலாம். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "என்ன எழுதினாய்?" என்பதற்குப் பதிலாக, "என்ன விளையாடினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் விடை நெடியதாக இருக்கும். அவ்விடையைப் பொறுமையுடன் கேட்பதும் பிள்ளைக்கு நாம் அளிக்கும் கல்வியே.