மனு வாங்குவார், கேள்வி வாங்கமாட்டார்

திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது பெரிய கஷ்டமில்லை. காதுகுத்து, கல்யாணம், கும்பாபிஷேகம், சாவு வீடு, ரேஷன் கடைத் திறப்பு என்று எங்காவது கண்ணில் படுவார். மனு நீட்டினால் வாங்கிக்கொள்வார். அது அப்படியே உதவியாளர் கைக்குப் போகும். எந்தக் கட்சிக்காரர் ஜெயித்தாலும் இதில் மாற்றம் இருப்பதில்லை. "ஜெயிச்ச பிறகு ஆளையே காணோம்" என்ற புகார் அதனால் பாதிதான் சரி. ஆள் வருகிறார். ஊர் கூடியிருக்கும்போது எழுந்து கேட்கப்படும் கேள்விக்கு நின்று பதில் சொல்வதைத்தான் தவிர்க்கிறார்.

மனு, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. பத்துப் பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு வரும் பதில் பத்துப் பேருக்கும் சொந்தம். அடுத்த முறை அதை வைத்தே மடக்குவார்கள். திங்கள்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்ப்பு நாளையும் விதவிதமான பெயர்களில் வரும் மனு முகாம்களையும் எல்லாக் கட்சி அரசுகளும் ஆசையோடு நடத்துவதன் சூட்சுமம் இதில் இருக்கிறது.

இந்தப் பகுதியில் சிப்காட் என்னும் அரசுத் தொழிற்பேட்டைகளின் ஆலைகளைச் சுற்றி வாழும் கிராமத்தார் கேள்வி கேட்கச் சட்டம் முக்கியமாக இரண்டு இடங்களைத் தந்திருக்கிறது. முதலாவது கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 முறை கூட்டவேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும்.

இந்த எண்ணிக்கையைக் காட்டுவதற்குப் பல ஊர்களில் நூறு நாள் வேலைக்காரர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். ஊராட்சிச் செயலர் மேலிடத்திலிருந்து வந்த கூட்டப்பொருளை வேகமாக வாசிப்பார். அதற்குள் தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்காகச் சுற்ற ஆரம்பித்துவிடும். தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் சில இடங்களில் வெறுமையாகவே இருக்கும். டீ, போட்டோ, கூட்டம் முடிந்தது.

எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் கிராம சபைக்கு வந்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு ஒரு கிராம ஊராட்சியில் இருந்தால், அந்த ஊர்ச் சபைக்கு அவரும் சாதாரண உறுப்பினர். அங்கே அவருக்கு மேடை கிடையாது. மறுபக்கம், ஆலைகளில் உழைக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை; சபையிலும் இடமில்லை. ஆலைப் புகையை அதிகம் சுவாசிப்பவர்களிடம் ஓட்டுக் கேட்டு யாரும் வரப்போவதில்லை.

சபையில் சரியாகப் பேசினாலும் அது எங்கே போய் நிற்கும் என்பதற்குக் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே உதாரணம் உண்டு, தேர்வாய்கண்டிகை. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஊர் நம்பியிருந்த சுமார் 1,127 ஏக்கர் நிலம் சிப்காட்டுக்குப் போனது. கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள், போராடினார்கள். 2009இல் டயர் நிறுவனமான மிஷ்லினுடன் அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. உள்ளூரில் பதில் கிடைக்காத கேள்வி 2012இல் பாரிஸ் வரை போயிற்று. ஓஇசிடி என்னும் பொருளாதாரக் கூட்டமைப்பின் நெறிமுறைகளின்படி பன்னாட்டு நிறுவனங்கள் மீதான புகார்களைக் கவனிக்கும் பிரான்ஸ் அரசின் தொடர்பு மையத்தில், ஊர்ச் சங்கமும் தமிழக, பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து முறையிட்டன. முடிவு ஊருக்குச் சாதகமாக வரவில்லை. என்றாலும் இரு தரப்பையும் கேட்டு எழுத்தில் பதில் தரும் ஓர் இடத்தைத் தேடி அவர்கள் எவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது இடம், பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டம் வந்தால் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டம் நடத்தவேண்டும். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் கலெக்டர் அல்லது அவருடைய பிரதிநிதி. யார் வேண்டுமானாலும் பேசலாம், வீடியோ எடுத்தாக வேண்டும். இங்கேயும் உட்கார்ந்து கேட்கக் கடமைப்பட்டவர் அதிகாரி. ஓட்டு வாங்கியவர் அல்ல. இன்னொரு ஓட்டையும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்குத் தனியாகக் கருத்துக்கேட்பு நடத்துவதிலிருந்து பெரும்பாலும் விலக்குக் கிடைத்துவிடுகிறது. சிப்காட்டை ஒட்டிய கிராமத்துக்கு இதைவிட முக்கியமான விதி இல்லை. இதை மேடையில் விளக்கிய வேட்பாளரை நான் கண்டதில்லை.

கூட்டம் நடந்தே தீரும் என்றும் சொல்ல முடியாது. இதே மாவட்டத்தின் காட்டுப்பள்ளி அதானி துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரிக்கு அறிவித்த கருத்துக்கேட்பு தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5க்கு மறுபடி தேதி குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. முதல் முறை அதிமுக ஆட்சி, இரண்டாம் முறை திமுக ஆட்சி. எதிர்த்தவர்கள் தள்ளிவைப்பை வெற்றியாகக் கொண்டாடினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் திட்டம் பற்றி மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகள் ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார்கள் என்று ஊர் முன்னால் பதிவு செய்யும் சந்தர்ப்பமும் அதோடு நழுவிப்போனது.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது கிராம சபை எல்லோருக்கும் இனிக்கிறது. 2020 அக்டோபர் 2 கிராம சபைகளை அன்றைய அதிமுக அரசு கொரோனாவைச் சொல்லி ரத்து செய்தபோது, மு.க.ஸ்டாலின் திருவள்ளூர் மாவட்டம் கொரட்டூர் ஊராட்சியின் புதுச்சத்திரத்தில் தாமே கூட்டம் நடத்தி வழக்கும் வாங்கினார். ஆட்சிக்கு வந்தபின் ஆண்டுக்கு நான்காக இருந்ததை 6 ஆக்கினார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது தேர்தல் நடத்தியிருக்கவில்லை. திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். அதிமுக காலத்தில் 2016 முதல் 2019 வரையும் இதே கதைதான். காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்கவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-E பிரிவு. தனி அலுவலர் காலத்துக் கிராம சபையில் கேள்வி கேட்கலாம். பதில் பிடிக்கவில்லை என்றால் அவரைத் தோற்கடிக்க முடியாது.

மேல்மட்டத்திலும் நிலைமை வேறில்லை. ஆண்டுக்கு 100 நாள் சட்டமன்றம் நடக்கும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னது. அந்த நூறு எட்டப்படவே இல்லை. 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோக்கூர், ஏ.பி.ஷா, பத்திரிகையாளர் என்.ராம் மூவரும் மோடியையும் ராகுல் காந்தியையும் நேருக்கு நேர் விவாதத்துக்கு அழைத்தார்கள். ராகுல் சம்மதித்தார், விவாதம் நடக்கவில்லை. ஜெயிக்கப்போகிறோம் என்று நினைப்பவர் விவாதத்துக்கு வந்து லாபம் காண்பதில்லை. இது உலகம் முழுக்க உள்ள கணக்குதான். வராமல் போனால் நஷ்டம் என்ற நிலை சில நாடுகளில் இருக்கிறது, இங்கே இல்லை.

எம்.எல்.ஏ.வைத் திரும்ப அழைக்கச் சட்டத்தில் வழியில்லை. கையில் இருப்பது காகிதம்தான். கிராம சபையில் கேட்ட கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடலாம். 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலை வாங்கலாம். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது என்ற பட்டியலையும் அதே வழியில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் கேட்கலாம். எம்.பி. எத்தனை நாள் அவைக்கு வந்தார், என்ன கேட்டார் என்பது நாடாளுமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும்.

தேர்தல் வரும்போது எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்குக் கூப்பிட எந்தச் சட்டமும் தடையில்லை. கூட்டத்துக்கு அனுமதி வாங்கவேண்டும், நேரத்துக்கு முடிக்கவேண்டும். வராதவர் பெயர் ஒட்டிய நாற்காலியைக் காலியாகவே போட்டு வைக்கலாம், அதற்கும் தடையில்லை.