சித்தி வீட்டுக்கு மூன்று முறை படம் எடுத்த கதை

மேற்கு மாம்பலத்தில் சித்திக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று உண்டு. வாடகைக்கு விடுவதற்காகச் சித்தப்பா ஆறு படம் எடுத்து இணையத்தில் போட்டார். எல்லாம் இரவில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தவை. குளியலறைக் கண்ணாடியில் அவர் பனியன் தெரிந்தது. ஒருவரும் போன் செய்யவில்லை.

அடுத்து நான் போனேன். போனில் 0.5 என்றிருக்கும் அகல லென்ஸைத் தட்டி எடுத்தேன். பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் போல விரிந்தது. அந்த வாரமே பன்னிரண்டு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை சித்தி கூப்பிட்டார். "ஏண்டா, வர்றவங்க எல்லாம் படத்துல பெருசா இருந்துச்சேன்னு கேட்டுட்டுப் போறாங்க. காபி போட்டே பால் தீந்து போச்சு!"

மூன்றாம் முறை எடுத்தபோதுதான் ஒன்று புரிந்தது. நிறைய பேரை வரவழைப்பதல்ல படத்தின் வேலை. அந்த வீடு ஒத்துவரக்கூடியவரை வரவழைத்து, ஒத்துவராதவரின் நடையை மிச்சப்படுத்த வேண்டும். அப்போது செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதல் நாள்: கேள்விப் பட்டியல்

கையில் பேனாவும் தாளுமாக, குடி வரப்போகிறவராக உங்களை நினைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். போனில் என்னென்ன கேட்பார்கள்? தண்ணீர் எப்படி, கார் நிறுத்த இடம் உண்டா, லிஃப்ட் இருக்கிறதா, வாசல் எந்தப் பக்கம் பார்த்தது, பூஜைக்கு இடம் எங்கே, வாஷிங் மெஷினுக்குக் குழாய் இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படமாவது பதில் சொல்ல வேண்டும்.

2. ஒதுக்குதல்

கொடியில் காயும் துணி, குளியலறை வாளி, பாதி கரைந்த சோப்பு, அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பாத்திரம் எல்லாம் படம் முடியும்வரை ஒரே அறைக்குள் போகட்டும். கழிப்பறை மூடியைச் சாத்துங்கள். குடும்பப் படங்கள், மருந்துச் சீட்டுகள், பள்ளிச் சான்றிதழ்கள், சாவிக்கொத்து, பீரோ ஆகியவை படத்தில் வரவே கூடாது. இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எது எங்கே இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டாம். கட்டிலை மட்டும் ஒதுக்காதீர்கள். வெறும் அறையின் அளவு கண்ணுக்குப் பிடிபடாது. ஆறேகால் அடிக் கட்டில் கிடந்தால், சுற்றி நடக்க எவ்வளவு இடம் என்று பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

3. வெளிச்சம்

கிழக்கு ஜன்னல் உள்ள அறையைக் காலையில் எடுத்தால், மேற்கு அறையை மாலையில் எடுங்கள். திரைச்சீலைகளைத் திறந்துவிடுங்கள். பகல் வெளிச்சம் போதுமானால் விளக்குகளை அணைத்துவிடலாம். மஞ்சள் பல்பும் வெள்ளை ட்யூப்பும் ஜன்னல் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்தால், ஒரே சுவர் மூன்று நிறத்தில் விழும். மின்விசிறியையும் நிறுத்துங்கள். ஓடும் இறக்கை போன் படத்தில் வளைந்து தெரியும்.

4. போனைத் தயார் செய்தல்

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சட்டைப்பை அழுக்கும் விரல் எண்ணெயும்தான் பாதிப் படங்களில் புகை மூட்டமாகத் தெரிகின்றன. செட்டிங்கில் கட்டக் கோடுகளைப் போடுங்கள். போனைப் படுக்கைவாட்டில், நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். மேலோ கீழோ சாய்த்தால் சுவரும் கதவும் சரிந்து நிற்கும். லென்ஸ் 1 என்ற இடத்திலேயே இருக்கட்டும். ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய குளியலறைக்கு 0.5 தவிர வழியில்லை. அப்படியானால் அறையின் அளவை அடிக் கணக்கில் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

5. அறை அறையாக

வாசலில் நின்று ஒன்று, எதிர் மூலையிலிருந்து ஒன்று. ஓர் அறைக்கு இது போதும். ஜன்னலுக்கு நேராக நின்று எடுத்தால் ஜன்னல் வெளுத்து, அறை இருண்டுவிடும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி நின்று, போன் திரையில் நடுத்தர வெளிச்சமுள்ள சுவரின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். வெளிச்ச அளவு அங்கேயே பூட்டிக்கொள்ளும். சமையலறையில் மட்டும் போனைச் சற்று உயர்த்தினால் மேடையின் மேற்பரப்பு தெரியும். அறைகள் முடிந்ததும் கீழே இறங்கி கார் நிறுத்துமிடம், மாடிப்படி, லிஃப்ட், மோட்டார், வாசல் தெரு ஆகியவற்றையும் எடுங்கள்.

6. குறையையும் எடுங்கள்

சித்தி வீட்டின் பின்னறையில் ஜன்னலுக்குக் கீழே கையகல ஈரக்கறை ஒன்று உண்டு. ஒவ்வொரு மழைக்கும் தலைகாட்டும். இரண்டாம் முறை நான் அதைத் தவிர்த்து நின்று எடுத்திருந்தேன். வந்தவர்கள் கண் நேராக அங்கேதான் போனது. மூன்றாம் முறை கிட்டப் போய் எடுத்து, "மழைக்காலத்தில் ஈரம் வரும், பூசித் தருகிறோம்" என்று எழுதினோம். சித்தப்பாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "நம்ம வீட்டை நாமளே குறை சொல்லணுமாடா?" என்றார்.

7. வீடியோ

ஒன்றரை நிமிடம் போதும். தெருக்கேட்டில் தொடங்கிப் படியேறி, வாசல், கூடம், அறைகள், சமையலறை என்று நடக்கிற வரிசையிலேயே வெட்டாமல் எடுங்கள். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகலாம் என்பதைப் படம் சொல்லாது, வீடியோதான் சொல்லும். முழங்கையை உடம்போடு ஒட்டி, போனை இரு கையிலும் பிடித்து மெதுவாக நடங்கள். விளக்கு எரிந்தே ஆக வேண்டிய இடத்தில் திரையில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் நொடிக்கு 30 பிரேம் எடுப்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. 25 பிரேம் என்ற தேர்வு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நொடி நில்லுங்கள். சென்னையில் தண்ணீர் விழும் சத்தத்தை விடப் பெரிய விளம்பரம் கிடையாது.

8. தேர்வும் வரிசையும்

எழுபது எடுத்தால் பதினைந்து தேறும். கூடம் முதலில் வரட்டும், கடைசியில் தெரு. லேசாக வெளிச்சம் கூட்டலாம், சாய்ந்ததை நிமிர்த்தலாம். சுவரின் நிறத்தை மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பினால் தரம் குறையாது. ஆனால் அப்படி அனுப்பும் கோப்போடு எடுத்த இடத்தின் விவரமும் போகலாம் என்பதால் கேமராவில் லொக்கேஷனை முன்பே அணைத்துவிடுங்கள். படத்தின் நடுவே மங்கலாக ஒரு பெயரைப் பதித்துவிட்டால், வேறு யாரும் அதைத் தன் வீடென்று காட்டி முன்பணம் வாங்குவது கடினமாகும்.

மூன்றாம் முறை போட்ட பிறகு வந்தது நான்கே குடும்பம். அதில் மூன்றாவதாக ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். கூடத்தைப் பார்க்கவில்லை, பால்கனிக்குப் போகவில்லை. "அந்த ஈரம் இருக்கிற ரூம் எதுங்க?" என்று கேட்டபடி நேராகப் பின்னறைக்குப் போனார் அந்த அம்மா. சுவரைத் தொட்டுப் பார்த்தார். படத்தில் இருந்த அளவுதான் இருந்தது. கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, "அட்வான்ஸ் எவ்வளவும்மா?" என்றார். சித்தி காபி போட உள்ளே போனார்.