தமிழ் விக்கிப்பீடியாவை நிர்வகிப்பது யார்? நாமும் சேரலாமா?

கைபேசியில் உங்கள் ஊரின் பெயரைத் தமிழில் தட்டித் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் சில முடிவுகளிலேயே தமிழ் விக்கிப்பீடியா வந்து நிற்கும். அதில் உங்கள் ஊர் எந்த வட்டத்தில் இருக்கிறது என்பது தப்பாக இருந்தால் யாரிடம் புகார் கொடுப்பது? எந்த அலுவலகத்துக்கு மனு எழுதுவது?

எங்கேயும் போக வேண்டாம். நீங்களே திருத்தலாம். "அப்படின்னா யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதிட்டுப் போகலாமா?" என்ற கேள்வி உடனே வரும். அதுவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு தன்னார்வலர் சமூகத்தின் நிர்வாகம் நடக்கிறது.

சிலரால் தொடங்கியது

ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. தமிழ்ப் பதிப்பு 2003-இல் உருவானது. தொடக்கத்தில் எழுத வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அவர்களில் முதன்மையானவர். இலங்கை, தமிழ்நாடு, புலம்பெயர்ந்த நாடுகள் என்று பல இடங்களில் இருந்தவர்கள், ஒருவரையொருவர் நேரில் பார்க்காமலே சேர்ந்து வேலை செய்தார்கள். 2017-இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

இந்தத் தளத்தை இயக்கும் மீடியாவிக்கி ஒரு திறமூல மென்பொருள். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். கட்டுரைகளும் அப்படியே. எழுதியவர்களைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தின் கீழ் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். சர்வர் செலவு, சட்ட விவகாரங்களை அமெரிக்காவில் உள்ள விக்கிமீடியா அறக்கட்டளை கவனிக்கிறது. ஆனால் தமிழ்க் கட்டுரையில் என்ன இருக்க வேண்டும் என்று அது உத்தரவு போடுவதில்லை. அதை முடிவு செய்வது இங்கே எழுதுகிறவர்கள்.

முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன?

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. கட்டுரை பற்றிய கேள்வி, மறுப்பு, ஆலோசனை எல்லாம் அங்கே. தளம் முழுவதற்குமான பொதுப் பேச்சுக்கு 'ஆலமரத்தடி' என்று ஒரு பக்கம் இருக்கிறது. பெயரே சொல்லிவிடும், ஊர் கூடிப் பேசும் இடம். அங்கே புதியவரும் பேசலாம், பத்து வருடமாக எழுதுகிறவரும் பேசலாம்.

உதாரணம் ஒன்று. தமிழ்நாட்டில் 'வேதியியல்' என்று படிக்கிறோம். இலங்கை மாணவர்கள் 'இரசாயனவியல்' என்று படிக்கிறார்கள். இங்கே 'இயற்பியல்', அங்கே 'பௌதிகவியல்'. கட்டுரைக்கு எந்தத் தலைப்பு வைப்பது? ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தப்பு என்றும் சொன்னால் பாதிப் பேர் விலகிப் போவார்கள். அதனால் ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து, மற்ற பெயரைத் தேடினாலும் அதே கட்டுரைக்கு வரும்படி வழிமாற்று அமைக்கலாம். கட்டுரையிலும் இரண்டு பெயர்களையும் குறிப்பிடலாம். சின்ன ஏற்பாடுதான். ஆனால் இரு நாட்டு மக்களும் ஒரே தளத்தில் எழுதுவதற்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகள்தான் வழி செய்கின்றன.

ஒரு சோதனை

2009 வாக்கில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உட்படப் பல மொழி விக்கிப்பீடியாக்களில் சேர்க்கத் தொடங்கியது. கட்டுரை எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே?

தன்னார்வலர்களுக்குக் கவலை வந்தது. நடை செயற்கையாக இருந்தது. எழுத்துப் பிழைகள் இருந்தன. நம் வாசகர்கள் அதிகம் தேடாத தலைப்புகளும் வந்தன. அதைவிடப் பெரிய சிக்கல், உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. எழுதியவர் போய்விடுவார், திருத்தும் பாரம் சில தன்னார்வலர்கள் தலையில் விழும்.

தமிழ்ச் சமூகம் கதவைச் சாத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை. பேசியது. தரம் கூடும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னது. எந்தத் தலைப்புகள் தேவை, என்ன தரம் வேண்டும் என்று எடுத்துச் சொன்னது. 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் இந்த அனுபவம் முன்வைக்கப்பட்டது.

வளர்ந்து வரும் எந்தக் குழுவுக்கும் இதில் பாடம் உண்டு. எண்ணிக்கை ஏறுவது மட்டும் வளர்ச்சி ஆகாது. எழுதியதற்குப் பொறுப்பேற்று, கேட்டால் பதில் சொல்லும் ஆட்கள் கூடுவதுதான் வளர்ச்சி.

நிர்வாகி என்றால் அதிகாரியா?

நிர்வாகிகள் சமூகத்தால் தேர்ந்தெடுக்கப்படும் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது. விஷமத்தனமான பக்கத்தை நீக்குவது, அடிக்கடி சிதைக்கப்படும் பக்கத்தைப் பூட்டுவது, தொடர்ந்து தொல்லை தரும் கணக்கைத் தடை செய்வது ஆகிய கருவிகள் அவர்களிடம் இருக்கும். ஆனால் கட்டுரையின் உள்ளடக்கம் பற்றிய விவாதத்தில் அவர்கள் சொல்லுக்குத் தனி எடை இல்லை. அங்கே ஆதாரத்துக்குத்தான் எடை. ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது செய்தார் என்று வரலாற்றில் பதிவாகும். நிர்வாகி செய்யும் நீக்கங்களும் தடைகளும்கூடப் பதிவேட்டில் இருக்கும், கேள்வி கேட்கலாம்.

கைபேசியிலிருந்து தொடங்குவது எப்படி?

1. கணக்குத் தொடங்குங்கள். பெயரும் கடவுச்சொல்லும் போதும், மின்னஞ்சல் கட்டாயம் இல்லை. ஆனால் கடவுச்சொல் மறந்துபோனால் மீட்க மின்னஞ்சல் உதவும். சொந்தப் பெயர்தான் வைக்க வேண்டும் என்பதும் இல்லை.
2. 'மணல்தொட்டி' பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். அங்கே தப்பு செய்தாலும் யாருக்கும் பாதிப்பில்லை.
3. பிறகு சிறிய திருத்தம் செய்யுங்கள். கட்டுரைப் பகுதியின் பக்கத்தில் இருக்கும் பென்சில் குறியைத் தொட்டால் போதும். எழுத்துப் பிழை, பழைய தகவல் போன்றவற்றில் தொடங்குவது நல்லது.
4. தகவலுக்கு ஆதாரம் கொடுங்கள். செய்தித்தாள், நூல், அரசு வெளியீடு போன்றவை ஏற்கப்படும். "எங்க ஊரு, எனக்குத் தெரியும்" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படிப்பவர் அதைச் சரிபார்க்க வழியில்லை.
5. என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரிச் சுருக்கம் எழுதிச் சேமியுங்கள்.

நான் எழுதியதை நீக்கிவிட்டார்களே!

புதியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து போய்விடுகிறார்கள். கோபத்தில் மறுபடி மறுபடி அதையே சேர்க்காதீர்கள். வரலாற்றைத் திறந்து காரணம் பாருங்கள். ஆதாரம் இல்லாதது, வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது, விளம்பரம் போல இருந்தது ஆகியவை வழக்கமான காரணங்கள். புரியவில்லை என்றால் உரையாடல் பக்கத்தில் மரியாதையாகக் கேளுங்கள். பழைய பயனர்களுக்கும் இதில் கடமை உண்டு. ஒரு வரி விளக்கம் எழுதாமல் நீக்கினால், நாளைக்கு நூறு கட்டுரை எழுதக்கூடிய ஒருவர் இன்றைக்கே திரும்பிப் போய்விடலாம்.

கவனிக்க வேண்டியவை

- உங்களைப் பற்றியோ, உங்கள் கடை, நிறுவனம் பற்றியோ நீங்களே கட்டுரை எழுதுவதைத் தவிருங்கள்.
- தனிநபரின் கைபேசி எண், வீட்டு முகவரி போன்றவற்றைச் சேர்க்காதீர்கள்.
- இணையத்தில் கிடைக்கும் படங்களை எடுத்து ஏற்றாதீர்கள். நீங்களே எடுத்த படம் என்றால் ஏற்றலாம்.
- விக்கிப்பீடியா அரசுத் தளம் அல்ல. சான்றிதழ், உதவித்தொகை, கட்டணம், கடைசித் தேதி ஆகியவற்றை அந்தந்தத் துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரசும் இந்த முயற்சியில் கைகோத்திருக்கிறது. 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2017-இல் தமிழகப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆனால் போட்டியும் பயிற்சியும் ஆட்களை உள்ளே கொண்டுவரும், அவ்வளவுதான். தங்க வைப்பது உள்ளே கிடைக்கும் வரவேற்பு.

இன்று பத்து நிமிடம் இருந்தால் உங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்து படியுங்கள். நூலகம், ஏரி, பேருந்து நிலையம், பள்ளி பற்றி என்ன இருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆதாரத்தோடு ஒரு வரி சேர்த்தாலும், அந்த ஊரைத் தேடும் அடுத்தவருக்கு அது பயன்படும்.