பார்க்காத தீவை நம்பிய லண்டன்

1703-இல் லண்டன் வந்து சேர்ந்த ஜார்ஜ் சால்மனாசார் என்ற இளைஞர், தாம் ஃபார்மோசா தீவில், அதாவது இன்றைய தைவானில், பிறந்தவர் என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் தென் பிரான்சுக்காரர். ஆசிய மண்ணை மிதித்ததே இல்லை. மறு ஆண்டே அவர் எழுதிய ஃபார்மோசா வரலாறு லண்டனில் வெளியாயிற்று. 1705-இல் பிரெஞ்சிலும் வந்தது. தீவுக்கென்று ஒரு மொழி, எழுத்து, ஆண்டுதோறும் 18,000 சிறுவர்களின் இதயத்தைப் பலி கேட்கும் மதம் என எல்லாமே அவர் கற்பனை. இத்தகைய புனைவுகள் வாசகரின் அறியாமையால் பிழைக்கின்றன என்பது வழக்கமான விளக்கம். அதைவிட, அவர்களுடைய விருப்பத்தால்தான் பிழைக்கின்றன என்பதே சரி.

அந்தக் காலத்தில் சரிபார்க்க வழி ஏது என்று கேட்கலாம். வழி இருந்தது. ஃபார்மோசாவில் டச்சுக்காரர்கள் 1624 முதல் 1662 வரை ஆட்சி நடத்தியிருந்தார்கள்; அங்கே ஊழியம் செய்த காண்டிடியஸ் பாதிரியாரின் குறிப்புகள் அச்சேறியிருந்தன. சீனாவில் பணியாற்றித் திரும்பிய பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஃபோந்தனே, லண்டன் ராயல் சொசைட்டியிலேயே சால்மனாசாரை நேருக்கு நேர் மறுத்தார். ஆனால் சால்மனாசாரின் கதைப்படி, அவரை ஊரிலிருந்து ஏமாற்றிக் கடத்தியவர்களே இயேசு சபையினர். அவர்களுக்கு மசியாமல் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்தவர் அவர். கத்தோலிக்க வெறுப்பு மண்டிய நகரில், துறவியின் மறுப்பே பொய்க்குச் சாட்சியாகிவிட்டது.

ஒரு புரட்டரை வைத்துப் பயண நூல்களையே எடை போடலாமா என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமானதுதான். அதனால் நேர்மையான ஒருவரையும் பார்ப்போம். பிரெஞ்சு மாலுமி புகன்வில் 1768 ஏப்ரலில் தஹீட்டியில் தங்கியது சுமார் பத்து நாள். 1771-இல் வந்த தம் நூலில் அதை ஏதேன் தோட்டமாகவே வருணித்தார். தம்முடன் பாரிசுக்கு வந்த தஹீட்டியர் அஹுதோருவிடம் பேசிப் பழகியபின், அங்கே கடுமையான ஏற்றத்தாழ்வு உண்டு, உயர்குடியினர் கையில் அடிமைகளின் உயிரே இருக்கிறது என்று அறிந்து, முன்பு சொன்னது தவறு என்று அதே நூலில் திருத்தியும் எழுதினார். அடுத்த ஆண்டே ஃபார்ஸ்டரின் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் கிடைத்தது. இருந்தும் நிலைத்தது சொர்க்கத் தீவுதான். திருத்தம் பக்கங்களுக்குள்ளேயே முடங்கிப்போனது.

புரட்டரின் நூலும் நேர்மையாளரின் நூலும் ஒரே விளைவைத் தந்தன என்றால், குற்றத்தில் பாதி நம்முடையது. பயண நூலைக் கையில் எடுப்பவர், எழுதியவர் அங்கே எத்தனை நாள் இருந்தார் என்று பார்ப்பதோடு, அந்த வருணனை தமக்கு ஏன் இவ்வளவு இனிக்கிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.