தொலைந்த குடும்ப அட்டையும் மறந்த பின் எண்ணும்: மீட்கும் வழிமுறைகள்

குடும்ப அட்டை என்பது தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் நியாயவிலைக் கடைகளில் அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் முதலிய பொருட்களைப் பெற அரசு வழங்கும் அட்டையாகும். பேச்சு வழக்கில் இது ரேஷன் கார்டு எனப்படுகிறது. மருத்துவக் காப்பீடு, மகளிர் உரிமைத் தொகை, பொங்கல் பரிசு எனப் பல அரசு உதவிகளுக்கும் இதுவே அடிப்படை ஆவணம். எனவே அட்டை தொலைந்தால் ஒரு மாத அரிசியோடு மற்ற உதவிகளும் நின்றுவிடுமோ என்ற அச்சம் எழுகிறது. தினக்கூலியையும் துண்டுக் கூலியையும் நம்பி வாழும் விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்த அச்சம் இன்னும் பெரியது. அலுவலகத்திற்கு அலையும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி இழப்பு. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று அறிந்திருந்தால் இந்த இழப்பைப் பெருமளவு குறைக்கலாம்.

அட்டையும் பதிவேடும்

தமிழ்நாட்டில் 2017 வரை குடும்ப அட்டை ஒரு சிறு புத்தக வடிவில் இருந்தது. 2005-இல் அச்சிடப்பட்ட அட்டைகளில் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி, பல ஆண்டுகள் நீட்டித்துப் பயன்படுத்தினர். வாங்கிய பொருட்களின் அளவும் நாளும் அந்தப் புத்தகத்திலேயே குறிக்கப்பட்டன. அதனால் புத்தகம் தொலைந்தால் கணக்கும் சேர்ந்தே தொலைந்தது.

2017-இல் மின்னணு குடும்ப அட்டை வந்தபின் இந்த நிலை மாறியது. குடும்பத் தலைவரின் படம், முகவரி, அட்டை எண், கடை விவரம், அட்டை வகை ஆகியவற்றுடன் ஒரு கியூஆர் குறியீடும் இந்த அட்டையில் அச்சிடப்பட்டுள்ளது. கடை ஊழியர் அதை விற்பனை முனையக் கருவியில் வருடியதும், குடும்பத்தின் விவரங்களும் அந்த மாத ஒதுக்கீடும் திரையில் தெரிகின்றன. உறுப்பினர் பெயர்கள், ஆதார் எண்கள், கைபேசி எண், இதுவரை வாங்கிய அளவு ஆகிய அனைத்தும் உணவுப்பொருள் வழங்கல் துறையின் கணினிப் பதிவேட்டில் உள்ளன. கையில் இருக்கும் அட்டை அந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டும் அடையாளம் மட்டுமே. ஆகவே அட்டை தொலைவதால் குடும்பத்தின் உரிமை நீங்குவதில்லை. புதிய குடும்ப அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியதும் இல்லை. இருக்கும் பதிவிற்கு ஒரு நகல் அட்டை பெற்றால் போதும்.

மின்னணு குடும்ப அட்டைக்குப் பின் எண் கிடையாது என்பதும் அறிய வேண்டிய செய்தி. அதன் இடத்தில் இரண்டு திறவுகோல்கள் உள்ளன. ஒன்று, உறுப்பினரின் விரல் ரேகை. மற்றொன்று, பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஒருமுறை கடவுச்சொல், அதாவது ஓடிபி. பின் எண் தேவைப்படுவது வங்கி ஏடிஎம் அட்டைக்கு. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. அந்தத் தொகையை எடுக்க ஏடிஎம் அட்டையும் வழங்கப்பட்டது. குடும்ப அட்டையையும் ஏடிஎம் அட்டையையும் ஒரே பையில் வைப்பது வழக்கம் என்பதால், பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போகின்றன.

பட்டாசுப் பகுதியின் நிலை

விருதுநகர் மாவட்டத்தில் விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், வத்திராயிருப்பு எனப் 10 வட்டங்கள் உள்ளன. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள் நிறைந்துள்ளன. சுற்றுக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்கள் வேன்களில் அதிகாலையிலேயே ஆலைகளுக்குப் புறப்படுகின்றனர். குழாய் உருட்டுதல், திரி வைத்தல், சரம் பின்னுதல், மருந்து செலுத்துதல் போன்ற வேலைகள் கையால் நடக்கின்றன. பல வேலைகளுக்கு எண்ணிக்கை அடிப்படையில்தான் கூலி.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றிலும் காகிதம், பசை, நூல் ஆகியவற்றிலும் நாள் முழுதும் புழங்கும் கைகளில் விரல் ரேகை தேய்வதும், மேற்பரப்பில் தூள் படிந்திருப்பதும் இயல்பு. தேய்ந்த ரேகையைக் கருவி ஏற்காதபோது ஓடிபி கைகொடுக்க வேண்டும். பதிவு செய்த கைபேசி எண்ணும் இல்லையென்றால் அதுவும் கைகொடுக்காது. இந்தப் பகுதியில் அட்டை தொலைவதைவிடக் கைபேசி எண் தொலைவது பெரிய சிக்கலாவது இதனால்தான்.

ஆலைகளில் விபத்து நேரும் காலத்தில் இதன் தேவை மேலும் கூடுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்யக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கேட்கப்படுகின்றன. தீக்காயம் பட்டவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு ஆவணங்களைத் தேடி அலையும் நிலை எந்தக் குடும்பத்திற்கும் வரக்கூடாது. அட்டை தொலைந்த செய்தியை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

செய்ய வேண்டியவற்றின் வரிசை

பை முழுதும் தொலைந்துவிட்டால் கீழ்க்கண்ட வரிசையில் செயல்படுவது நல்லது.

1. ஏடிஎம் அட்டையை முடக்குதல். பணம் போகும் வழியை முதலில் அடைக்க வேண்டும். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தோ, வங்கிச் செயலி வழியாகவோ, கிளைக்கு நேரில் சென்றோ அட்டையை முடக்கலாம். முடக்கியதற்கான புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. கைபேசி எண்ணை மீட்டல். கைபேசியும் தொலைந்திருந்தால், சேவை நிறுவனத்தின் மையத்தில் அடையாள ஆவணம் காட்டி அதே எண்ணுக்கு மாற்று சிம் அட்டை பெற வேண்டும். வேறு புது எண் வாங்குவது எளிதாகத் தோன்றலாம். ஆனால் ஓடிபி எல்லாம் பழைய எண்ணுக்கே செல்லும்.

3. நகல் குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்தல். கைபேசி எண் கைக்கு வந்தபின் இதை வீட்டிலிருந்தே செய்யலாம்.

அவசரத்தில் பலர் மூன்றாவது வேலையிலிருந்து தொடங்குகின்றனர். ஓடிபி வராமல் திரும்பி வந்து, மீண்டும் ஒரு நாள் விடுப்பு எடுக்க நேர்கிறது.

நகல் அட்டை பெறும் முறை

தமிழ்நாடு பொது விநியோகத் திட்டத்தின் இணையதளத்தில் பயனாளர் நுழைவுப் பகுதிக்குச் சென்று, பதிவு செய்த கைபேசி எண்ணை உள்ளிட வேண்டும். அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்ததும் குடும்பத்தின் பக்கம் திறக்கும். அதில் நகல் அட்டைக்கான விண்ணப்பத்தைத் தேர்ந்து, தொலைந்தது அல்லது சேதமடைந்தது என்ற காரணத்தைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். அட்டைக்கு 20 ரூபாயும் அஞ்சலில் பெற 25 ரூபாயும் என 45 ரூபாய் கட்டணமாக நிர்ணயிக்கப்பட்டது. விண்ணப்பித்ததும் கிடைக்கும் குறிப்பு எண்ணைக் கொண்டு விண்ணப்பத்தின் நிலையைப் பின்னர் அறியலாம். இணைய வசதி இல்லாதவர்கள் அருகிலுள்ள இ-சேவை மையத்தை நாடலாம். அங்கும் ஓடிபி தேவைப்படும் என்பதால் கைபேசியை உடன் கொண்டு செல்ல வேண்டும்.

நேரில் அணுக வேண்டிய இடம் வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள வட்ட வழங்கல் அலுவலர். வேலை பார்க்கும் ஊரின் வட்டத்திற்குச் செல்லக் கூடாது. அட்டையில் முகவரி எந்த வட்டத்தில் உள்ளதோ அங்குதான் செல்ல வேண்டும். வெம்பக்கோட்டை வட்டத்துக் கிராமத்தில் வசித்துக்கொண்டு சிவகாசி ஆலையில் வேலை செய்பவர் வெம்பக்கோட்டை அலுவலகத்தையே அணுக வேண்டும்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் வட்டந்தோறும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடத்தப்படுகிறது. நகல் அட்டை, பெயர் திருத்தம், கைபேசி எண் மாற்றம் ஆகிய கோரிக்கைகளை அங்கு அளிக்கலாம். முகாம் நடக்கும் ஊரை முன்கூட்டியே கேட்டறிந்து சென்றால் ஒரே நாளில் வேலை முடிய வாய்ப்புண்டு. குறைகளைத் தெரிவிக்க 1967, 1800 425 5901 ஆகிய கட்டணமில்லா எண்கள் உள்ளன.

நகல் அட்டை வரும் வரை பொருள் வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. அட்டையில் பெயருள்ள ஓர் உறுப்பினர் தம் ஆதார் அட்டையுடன் கடைக்குச் சென்று, பதிவு செய்த கைபேசி எண்ணையும் குடும்ப அட்டை எண்ணையும் தெரிவித்தால் பதிவைக் கருவியில் கண்டறிய முடியும்.

கைபேசி எண் மாறியிருந்தால்

முன்கட்டணச் சேவையில் 90 நாட்கள் தொடர்ந்து பயன்படுத்தாத எண்ணைச் சேவை நிறுவனம் முடக்கலாம். அந்த எண் பின்னர் வேறொருவருக்கு ஒதுக்கப்படவும் கூடும். அப்படிக் கைவிட்டுப்போன எண் குடும்ப அட்டையில் இருந்தால் இணையதளத்திற்குள் நுழைய முடியாது. அந்நிலையில் ஆதார் அட்டையுடன் வட்ட வழங்கல் அலுவலகத்திலோ குறைதீர் முகாமிலோ எண்ணை மாற்றித் தரக் கோரி விண்ணப்பிக்க வேண்டும்.

குடும்ப அட்டை, வங்கி, ஆதார் ஆகிய மூன்றும் தனித்தனிப் பதிவேடுகள் என்பதைப் பலர் அறிவதில்லை. ஒன்றில் எண்ணை மாற்றினால் மற்றவற்றில் அது தானாக மாறாது. வங்கிக் கிளை, ஆதார் சேவை மையம், வழங்கல் அலுவலகம் ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனியே மாற்ற வேண்டும். ஆதார் தொடர்பான விளக்கங்களுக்கு 1947 என்ற எண்ணை அழைக்கலாம்.

விரல் ரேகை பதியாவிட்டால்

கையைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு மீண்டும் முயல வேண்டும். ஒரு விரல் பதியாவிட்டால் வேறு விரலை வைக்கலாம். அதுவும் பதியாவிட்டால் அட்டையில் பெயருள்ள மற்றோர் உறுப்பினர் ரேகை வைக்கலாம். ஆலை வேலைக்குச் செல்லாத உறுப்பினரின் ரேகை பெரும்பாலும் எளிதில் பதியும். இவை பயன்படாதபோது ஓடிபி வழியைக் கேட்கலாம். கண் கருவிழிப் பதிவுக் கருவி உள்ள கடைகளில் அதையும் பயன்படுத்தலாம். தொடர்ந்து ரேகை பதியாதவர்கள் ஆதார் சேவை மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. முதுமையாலும் நோயாலும் கடைக்கு வர இயலாதவர்கள் தம் சார்பில் ஒருவரை அனுப்ப, அங்கீகாரச் சான்று கோரி விண்ணப்பிக்கலாம்.

ஏடிஎம் பின் எண்ணைப் புதிதாக அமைத்தல்

பின் எண் மறந்துபோனால் புது அட்டை வாங்கத் தேவையில்லை. பழைய எண்ணை வங்கியாலும் சொல்ல முடியாது. புதிய எண்ணைத்தான் அமைக்க வேண்டும். தம் வங்கியின் ஏடிஎம் இயந்திரத்தில் அட்டையைச் செருகி, பின் எண் உருவாக்கும் பகுதியைத் தேர்ந்து, கேட்கும் கணக்கு விவரங்களைத் தர வேண்டும். பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஓடிபியை உள்ளிட்டபின் தமக்குப் பிடித்த நான்கு இலக்க எண்ணை அமைக்கலாம். திரையின் வரிசை வங்கிக்கு வங்கி சிறிது மாறுபடும். நினைவில்லாத எண்ணை ஊகித்து மீண்டும் மீண்டும் அழுத்தினால், மூன்று தவறான முயற்சிகளுக்குப் பின் அட்டை தற்காலிகமாக முடக்கப்படும்.

அட்டை தொலைந்திருந்தால், கிளையில் மாற்று அட்டை கேட்டுப் பெற்று இதே முறையில் பின் எண் அமைக்கலாம். அதுவரை வங்கிப் புத்தகத்துடன் கிளைக்குச் சென்று, பணம் எடுக்கும் படிவம் நிரப்பித் தொகையைப் பெறலாம். ஆதாருடன் இணைந்த கணக்காயின், அஞ்சல் ஊழியரிடமோ வங்கி முகவரிடமோ விரல் ரேகை வைத்தும் பணம் பெற முடியும்.

மோசடிகளும் பாதுகாப்பும்

பின் எண்ணை அட்டையின் உறையில் எழுதி வைப்பதும், ஏடிஎம் வாசலில் நிற்கும் அறிமுகமற்றவரிடம் அட்டையைக் கொடுத்துப் பணம் எடுத்துத் தரக் கேட்பதும் பணம் பறிபோகும் முக்கிய வழிகளாகும். உரிமைத் தொகை நின்றுவிட்டது, அட்டையைப் புதுப்பிக்க வேண்டும் என்று கூறி ஓடிபி கேட்கும் அழைப்புகள் மற்றொரு வழி. அரசு அலுவலகமோ வங்கியோ கைபேசியில் அழைத்துப் பின் எண்ணையோ ஓடிபியையோ கேட்பதில்லை.

இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பின் எண்ணைப் பிறரிடம் சொன்னது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளரையே சேரும். தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். அட்டையை முடக்கும் வேலை வரிசையில் முதலாவதாக வருவது இதனால்தான். பணம் ஏற்கெனவே பறிபோயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

முன்னேற்பாடுகள்

குடும்ப அட்டையின் இரு பக்கங்களையும் ஒளிநகல் எடுத்து வீட்டில் வைப்பதும், அட்டை எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் பயன் தரும். வங்கியின் சேவை எண்ணையும் அதே பக்கத்தில் எழுதலாம். பின் எண்ணை மட்டும் எங்கும் எழுதக் கூடாது. பிறந்த ஆண்டு, கைபேசியின் கடைசி நான்கு இலக்கங்கள் போன்ற எளிதில் ஊகிக்கக்கூடிய எண்களையும் தவிர்க்க வேண்டும். குடும்ப அட்டையையும் ஏடிஎம் அட்டையையும் வெவ்வேறு இடங்களில் வைப்பது, ஒன்று தொலைந்தாலும் மற்றொன்றைக் காக்கும். பதிவு செய்த கைபேசி எண் இன்னும் பயன்பாட்டில் உள்ளதா என்பதைக் குடும்பத்தில் படித்த பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சரிபார்த்து வைத்தால், அட்டை தொலையும் நாளில் பெற்றோர் வேலையை விட்டு அலைய நேராது.