உப்பு நீரா, குளோரினா? நீச்சல் குளத்து நீர் வயலுக்குப் போகுமுன் ஒரு கணக்கு

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில் பண்ணை வீடுகள் பெருகி வருகின்றன. பெங்களூரிலிருந்து சனி, ஞாயிறுகளில் வந்து தங்குகிறவர்களை நம்பி, நம் விவசாயிகளிலும் சிலர் தோட்டத்து மூலையில் இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். வருகிறவர்கள் நீச்சல் குளம் உண்டா என்று கேட்கிறார்கள். குளம் கட்டலாம் என்று முடிவு செய்தவுடன் ஒப்பந்தக்காரர் கேட்கும் கேள்வி: "உப்பு நீர் முறை வைக்கட்டுமா, குளோரின் முறை வைக்கட்டுமா?"

நகரத்து வீட்டுக்காரர் இதற்குக் கண் எரிச்சல், பராமரிப்பு, செலவு ஆகியவற்றை வைத்துப் பதில் சொல்லலாம். அவர் வீட்டுக் கழிவு நீர் சாக்கடைக்குப் போய்விடும். நம் வீட்டுத் தண்ணீர் அப்படியல்ல. அது தென்னையடிக்கோ, தக்காளிப் பாத்திக்கோ, பக்கத்துக் காட்டுக்கோ போகிறது. ஆகவே விவசாயி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகும்?" என்பதுதான்.

இரண்டும் குளோரின்தான்

உப்பு நீர்க் குளத்தில் குளோரினே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல. அந்த முறையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 4 கிராம் வரை உப்பைக் கரைக்கிறார்கள். கடல் நீரில் இருப்பது லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நீர் ஒரு சிறிய மின்கலத்தின் வழியே ஓடும்போது, உப்பிலிருந்து குளோரின் பிரிந்து கிருமிகளைக் கொல்கிறது. மற்ற முறையில் அதே குளோரினைப் பொடியாகவோ, மாத்திரையாகவோ, திரவமாகவோ நாமே போடுகிறோம். இரண்டு முறையிலும் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்க வேண்டும்.

வேறுபாடு நீரை வெளியேற்றும்போது தெரியும். குளோரின் வெயிலிலும் காற்றிலும் சில நாட்களில் மறைந்துவிடும். உப்பு மறையாது. தண்ணீர் ஆவியாகலாம், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

உப்பின் கணக்கு

20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள ஒரு சிறு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 22,600 லிட்டர் நீர் நிற்கும். லிட்டருக்கு 3.5 கிராம் வீதம் அதில் கரைந்திருக்கும் உப்பு சுமார் 80 கிலோ. இந்த நீர் 10 சென்ட் நிலத்துக்கு ஒரு நல்ல பாய்ச்சலுக்குச் சரியாக இருக்கும். அதாவது ஒரே பாய்ச்சலில் 10 சென்ட்டில் 80 கிலோ உப்பைக் கொட்டியதாகிறது. ஏக்கர் கணக்கில் 800 கிலோ! எந்த விவசாயியாவது தன் நிலத்தில் 16 மூட்டை உப்பைத் தூவுவாரா?

குளம் முழுவதையும் திறந்துவிடாவிட்டாலும் தொல்லை உண்டு. மணல் வடிகட்டியை அடிக்கடி எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவ வேண்டும். வாரம் ஒரு முறை 500 லிட்டர் வீதம் வெளியேறினால், ஆண்டுக்குச் சுமார் 90 கிலோ உப்பு ஒரே வாய்க்காலில் இறங்கும்.

பாசன நீரின் மின்கடத்துதிறன் 3 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் கடுமையான கட்டுப்பாடு தேவை என்று ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் 1985-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. உப்புக் குளத்து நீரில் இது 6-ஐத் தொட்டுவிடும். பீன்ஸ், கேரட், வெங்காயம், ரோஜா, மா ஆகியவை உப்பைத் தாங்காதவை. தக்காளி, குடைமிளகாய், முட்டைகோஸ் ஓரளவே தாங்கும். கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் பலரின் வருமானம் இந்தப் பயிர்களில்தான் இருக்கிறது. இலை ஓரம் கருகுவது முதல் அடையாளம். தென்னை உப்பைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் தென்னைக்கு ஊடே போட்ட பயிர் தாங்காது.

உப்பிலுள்ள சோடியம் மண்ணின் கட்டமைப்பையும் கெடுக்கும். களிமண் கலந்த நிலம் மேலே இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடித்தால் மண்ணைத் திருத்தலாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பார்கள். உப்பைத் தின்ற நிலத்துக்கும் அதே விதிதான். ஆனால் ஆழ்குழாய்க் கிணறு வற்றும் நம் ஊரில் அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? வடித்த உப்பும் பாறை வெடிப்புகளின் வழியே நம் கிணற்றுக்கோ அடுத்தவர் கிணற்றுக்கோ போய்ச் சேரலாம்.

கடின நீரும் கரண்டும்

நம் பகுதி ஆழ்குழாய் நீரில் பல இடங்களில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பாத்திரத்தில் வெள்ளை படிவதைப் பெண்கள் அறிவார்கள். அதே படிவு உப்பு முறையின் மின்கலத்திலும் பிடிக்கும். அதை அவ்வப்போது அமிலத்தில் கழுவ வேண்டும். மின்கலம் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். புதிதாக மாற்றச் செலவு அதிகம். மேலும், மோட்டார் ஓடினால்தான் குளோரின் உண்டாகும். நீண்ட நேரம் மின்தடை ஏற்பட்டால் கையில் பிளீச்சிங் பவுடர் இருந்தே ஆக வேண்டும்.

விவசாய இலவச மின்சாரம் சாகுபடிக்கு மட்டுமே உரியது. நீச்சல் குள மோட்டாரை எந்த முறையானாலும் அதில் இணைக்கக் கூடாது.

குளோரின் முறையில் கவனிக்க வேண்டியவை

மேலே சொன்ன 22,600 லிட்டர் குளத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் ஏற்ற, 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 150 கிராம் போதும். அதை ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு, தெளிவை மட்டும் மாலையில் குளத்தில் ஊற்ற வேண்டும். வெயிலில் குளோரின் விரைவில் குறைவதால், சோதனைப் பெட்டி வைத்து நாள்தோறும் அளவு பார்ப்பது அவசியம். கார அமில நிலை 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும்.

நீரைப் பயிருக்கு விடுவதற்கு முன், குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாட்கள் வெயிலில் விடுங்கள். சோதனையில் குளோரின் இல்லை என்று தெரிந்த பிறகே திறக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய்களில் பாசி அடைக்காமலிருக்க நாமே சிறிதளவு குளோரின் விடுவதுண்டு. ஆகவே இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மீன் வளர்க்கும் குட்டைக்கோ ஏரிக்கோ இந்த நீரை விடக்கூடாது.

குளோரின் போட்ட நீரிலும் நாளடைவில் ஓரளவு உப்பு சேரும். எனவே ஆண்டுக்கணக்கில் அதே நீரை வைத்திருக்காமல், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியைக் கிணற்று நீருடன் கலந்து பாய்ச்சிவிட்டுப் புது நீர் நிரப்புங்கள். பாசிக்காக மயில்துத்தம் போன்ற தாமிர மருந்து போட்டிருந்தால் அந்த நீர் பயிருக்கு வேண்டாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையோ குளோரின் மாத்திரையையோ உரம் வைக்கும் அறையில் வைக்காதீர்கள். யூரியா, அம்மோனியம் உரங்களுடன் சேர்ந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. அமிலத்துடன் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். பொடியையும் மாத்திரையையும் ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது.

மூன்றாவது வழி

நம் வீட்டுக் குழந்தைகள் குளிக்க மட்டுமே என்றால் இரண்டு முறையும் வேண்டியதில்லை. பம்புசெட் தொட்டியைச் சற்றுப் பெரிதாகக் கட்டி, காலையில் நிரப்பி, மாலைக்குள் முழுவதையும் வயலுக்கு விட்டுவிடலாம். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் நீரை நாட்கணக்கில் தேக்கி வைத்துக் குளிப்பது தவறு. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக் காய்ச்சல் பல உயிர்களைப் பலி கொண்டது. குளம், குட்டை நீர் மூக்கின் வழியே ஏறுவது இந்நோய்க்கு ஒரு முக்கியக் காரணம். வெளியார் பலர் குளிக்கும் குளமானால் குளோரின் கட்டாயம். எந்தத் தொட்டியானாலும் பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் குழந்தைகளை இறக்காதீர்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் குளம் இருந்தால்

குளம் கட்டாத விவசாயிக்கும் இதில் அக்கறை உண்டு. பக்கத்துப் பண்ணை வீட்டில் குளம் கட்டினால், எந்த முறை, கழிவு நீர்க் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வேலை நடக்கும்போதே கேட்டுவிடுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். 80 கிலோ கணக்கை எடுத்துச் சொன்னாலே பலருக்கு விளங்கும். சந்தேகமிருந்தால் உங்கள் கிணற்று நீரைக் குளம் வருவதற்கு முன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்து, முடிவைப் பத்திரப்படுத்துங்கள். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

பிறர் பயன்படுத்திவிட்ட நீர் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தென்பெண்ணைக் கரை விவசாயிகளுக்குப் புதிதல்ல. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆற்றை ஒரு தனி விவசாயியால் திருத்த முடியாது. தன் தோட்டத்துக் குழாயில் என்ன போகிறது என்பதை அவரால் தீர்மானிக்க முடியும். குளத்து நீர் நிலத்துக்குத்தான் போகும் என்றால், உப்பு முறையைத் தவிர்த்துக் குளோரின் முறையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.